டோப்ரிஷ் கேட்ட மீன் சட்டி

நான் வாயைத் திறந்தாலே ஜனங்கள் சிரித்துவிடுகிறார்கள். இதைக் கொடுத்துவைத்த பிழைப்பு என்று நினைக்கிறவன் எவனாவது இருந்தால், பெண்டாட்டி செத்த வாரத்தில் என் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

வார்சாவில் எங்கள் யூத ஜனங்களின் பாஷையான யித்திஷ் படிக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஃபைவல் என்ற என்னைத் தெரியும் என்பார்கள். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் மந்திரிசபை கவிழ்ந்து கிடக்கும். அதைத் தாண்டிக்கொண்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். அங்கே என் ஸ்லாட்டே இருப்பாள். ஸ்லாட்டே என்பவள் நான் எழுத்தில் கட்டிக்கொண்ட மனைவி. வாய்த்துடுக்குக்காரி, பிடிவாதக்காரி, யாருக்கும் அடங்காதவள். அவளுக்கும் எதிர்வீட்டம்மாவுக்கும் வாரா வாரம் மாடிப்படியில் சண்டை. அந்தச் சண்டையைப் படித்து முடித்துவிட்டுத்தான் பாதி ஊர் வெள்ளி சாயங்காலத்தில் ஓய்வுநாள் விளக்கை ஏற்றும்.

என் நிஜ மனைவியின் பெயர் மிந்தெல். எதிர்வீட்டம்மா என்று நான் எழுதியது, எங்கள் வாசலுக்கு நேர் எதிர் வாசலில் குடியிருக்கும் டோப்ரிஷை. விதவை. வாத்து இறகு வாங்கித் தலையணை தைத்து விற்கிறவள். சண்டையும் நிஜம்தான், நான் கற்பனை செய்யவில்லை. புதன்கிழமை ஆனால் எதற்காவது இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு படியில் வந்து நின்று கத்துவார்கள். மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் கதவுகள் திறக்கும். நான் உள்ளே மேஜையில் உட்கார்ந்தபடி எழுதிக்கொள்வேன். வியாழக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டியவனுக்குப் புதன்கிழமை சண்டை. கடவுள் எழுத்தாளனுக்கும் படியளக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சண்டையைச் சொல்கிறேன். பாவநிவிர்த்தி நாள் வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் மிந்தெல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டோப்ரிஷ், இந்த வருஷம் நான் உனக்குச் செஞ்ச கெடுதலுக்கெல்லாம் என்னை மன்னிச்சிரு."

"நீ எனக்கா? நல்லா இருக்கே கதை. நான்தான் உனக்கு நிறைய செஞ்சேன். நீ என்னை மன்னி."

"தெரு பூரா உன்னைப் பத்தி நான் பேசினதெல்லாம் கெடுதல்ல சேராதா?"

"பேச்சு எல்லாம் ஒரு கெடுதலா? நான் உன் தலையணையில கோழி இறகை வெச்சுத் தெச்சுக் குடுத்தேன். வாத்து இறகுன்னு நெனச்சுக்கிட்டு வருஷம் பூரா தூங்கிட்டே."

"பாவத்துலகூட நீதான் ஒசத்தின்னு காட்டணுமாடி? ஒரு தடவையாவது என்னை முந்த விடேன்."

அது பத்திரிகையில் வந்த வாரம் டிராமில் முன்பின் தெரியாத ஒருத்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது, அப்போதும் விடவில்லை.

மிந்தெல் மட்டும் சிரித்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேஜை விரித்து, மீன் வைத்து, சூப் ஊற்றி அவள் உட்கார்ந்த பிறகு நான் கட்டுரையை உரக்கப் படிப்பேன். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்பாள். நான் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

"ம்," என்பாள். "சூப் ஆறுது."

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பாமல் இதே தீர்ப்பு. அதையும் கட்டுரையில் போட்டேன், ஸ்லாட்டேக்கு நகைச்சுவை என்றால் என்னவென்றே தெரியாது என்று. அதற்கும் ஊர் சிரித்தது. எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. யாருக்காக எழுதினேனோ அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. பிடிக்கவில்லையா, புரியவில்லையா, என்னை மதிக்கவே இல்லையா? கேட்டுவிடலாம்தான். என்ன பதில் வருமோ என்று தள்ளிப்போட்டேன்.

நெஞ்சு நோய் வந்து மிந்தெல் படுக்கையோடு கிடந்தபோது, இனித் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்துவிட்டது.

"மிந்தெல், நான் எழுதினதுல எதுக்காவது உனக்குச் சிரிப்பு வந்திருக்கா? உண்மையைச் சொல்லு."

கண்ணைத் திறக்கவில்லை. "டோப்ரிஷைக் கேளுங்க," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சாகக் கிடக்கிறவள் தன் ஜென்ம எதிரியிடம் போய்க் கேள் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? போய்யா, உனக்கு வேறு வேலையில்லை என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசியதெல்லாம் தண்ணி, ஜன்னல் என்று ஒற்றை ஒற்றை வார்த்தை. திங்கட்கிழமை போய்விட்டாள்.

அடக்கம் செய்துவிட்டு வந்து, துக்க வழக்கப்படி கிழித்த கோட்டோடு, காலில் வெறும் காலுறையோடு, தாழ்வான பெட்டிமேல் உட்கார்ந்தேன். கண்ணாடியில் துணி போர்த்தியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஏழு நாள் துக்கத்தைக் காக்க வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கதவைத் தட்டக்கூடாது, வணக்கம் சொல்லக்கூடாது. துக்கம் காக்கிறவன் வாயைத் திறந்து பேசுகிறவரை யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவன் பேசினால் பேசலாம். இல்லாவிட்டால் கூடவே உட்கார்ந்துவிட்டு, போகும்போது ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சட்டம் எழுதிய பெரியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். ஹாஸ்ய எழுத்தாளன் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதல் நாள் கூடம் நிறைய ஆட்கள். தொப்பிக்கடை வெல்வெல் முன்வரிசையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. காலையில உப்பைத் தேடினேன். உப்பு எங்கன்னு தெரியல."

வெல்வெலுக்கு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"போறப்பகூட உப்பை ஒளிச்சு வெச்சுட்டுப் போயிட்டா பாருங்க ஸ்லாட்டே," என்றான்.

அவ்வளவுதான். கூடமே சிரித்தது. சிரித்துவிட்டு வெட்கப்பட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருத்தர் சொன்னார், "தப்பா எடுத்துக்காதீங்க ஃபைவல், நீங்க சொன்ன விதம் அப்படி." நான் எந்த விதமாகவும் சொல்லவில்லை. உப்பைக் காணோம் என்றுதான் சொன்னேன்.

பிறகு ஆளாளுக்கு என் பழைய கட்டுரைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்லாட்டே இன்ஸ்பெக்டரைத் துரத்திய கதை, ஸ்லாட்டேயும் எதிர்வீட்டு வாத்தும். ஸ்லாட்டே மாதிரி ஒருத்தி இனிப் பிறப்பாளா என்று ஒருத்தர் நிஜமாகவே அழுதார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது மிந்தெல் என்ற பெயரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். மண்ணுக்குள் போனவள் மிந்தெல். இவர்கள் துக்கம் விசாரிக்க வந்தது என் காகிதப் பெண்டாட்டிக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இனி எவனிடமும் பேசுவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

நான் பேசாவிட்டால் அவர்களும் பேச முடியாது. மறுநாளிலிருந்து வந்தவர்கள் எல்லாம் பேச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஜனங்களைப் பேசாமல் உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பத்திரிகை ஆசிரியர் பின்ஹஸ் வந்தார். அவருக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த வெற்றுத்தாளைப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் எழுந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னார்.

"சீயோனுக்காகத் துக்கப்படுகிற எல்லாரோடும் சேர்த்துக் கடவுள் உங்களைத் தேற்றட்டும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "முடிஞ்சா வியாழக்கிழமைக்குள்ள."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று மிந்தெல் எப்போதும் உட்காரும் பக்கம் திரும்பினேன், இதைக் கேட்டாயா என்று சொல்ல. வெறும் நாற்காலி. அந்த வாரத்தில் அதுதான் எனக்குத் தாங்க முடியாத நேரம்.

டோப்ரிஷ் தினமும் வந்தாள். முதல் நாள் வேகவைத்த முட்டை கொண்டுவந்தாள், துக்க வீட்டுக்கு முதல் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம் பருப்பு, அப்புறம் ரொட்டி. வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து, சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும் மிந்தெலின் பெரிய செம்பு மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் என்னைப் பார்ப்பாள். மறுபடி சட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் சண்டை போட்டவள், ஆள் போனதும் சட்டிக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்தேன். இவளைப் போய் நான் கேட்பதா? கேட்டால், உன் பெண்டாட்டி உன்னைப் பற்றி என்னிடம் எப்படியெல்லாம் பேசினாள் தெரியுமா என்று ஆரம்பிப்பாள். எனக்கு எதற்கு அது?

அவளும் பிடிவாதக்காரி. நான் தன்னிடம் பேசும்வரை பேசமாட்டேன் என்று உதட்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டத்தை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

கடைசி நாள் காலையில் வீட்டில் கூடிச் செய்த ஜெபம் முடிந்ததும் ஆண்கள் என்னைப் பார்த்து "எழுந்திரு" என்றார்கள். அப்படிச் சொன்னால் துக்கம் முடிந்தது. எழுந்து, தெருவில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சொந்தக்காரர்கள் கூட நடப்பார்கள். இவர்கள் கடை திறக்கும் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். கூடத்தில் டோப்ரிஷ் மட்டும் இருந்தாள்.

நான் எழுந்து, ஏழு நாளாகக் காலில் போடாத சப்பாத்தைத் தேடினேன். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் மனுஷக் குரல் கிடையாது என்று தோன்றியது. பயம் என்றால் அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அந்தப் பயமே கோபமாக வெளியே வந்தது.

"சட்டி வேணும்னா எடுத்துட்டுப் போங்க," என்றேன். "வந்ததுலேருந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கீங்க."

டோப்ரிஷ் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா. வாயைத் திறந்தீங்களே. பொறந்ததுலேருந்து நான் இவ்வளவு நாள் சும்மா இருந்தது கெடையாது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு." தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்தாள். "சட்டி கெடக்கட்டும். முதல்ல கேக்க வேண்டியதைக் கேளுங்க. கேப்பீங்கன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா."

மறுபடியும் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்தேன்.

"அவ சிரிச்சாளா?" என்றேன்.

"சிரிச்சாளாவா? என் வீட்டுல இறகு மூட்டையில முகத்தைப் பொதைச்சுக்கிட்டு சிரிப்பா. மூக்குல இறகு ஏறித் தும்முவா. தும்மிட்டு மறுபடி சிரிப்பா. எனக்கு வயிறு வலிச்சுப்போயிடும்."

"எப்ப?"

"புதன்கிழமை காலையிலதான். நீங்க காப்பிக்கடைக்குப் போற நேரம் பாத்து வருவா. 'டோப்ரிஷ், அவர் தாள் வெறுமையா கெடக்கு. இந்த வாரம் எதுக்குச் சண்டை போடலாம்?' இதைக் கேட்டுக்கிட்டேதான் உள்ள வருவா. நான் என்ன பேசணும், அவ என்ன பேசணும், எல்லாம் அவ சொல்றதுதான். எனக்கு அவ்வளவு மூளை ஏது?"

"மன்னிப்புக் கேட்ட சண்டை?"

"அதுவும்தான். கோழி இறகுன்னு சொல்லச் சொன்னாளே பாவி. நீங்க அதை எழுதிட்டீங்க. ஒரு மாசம் ஒருத்தியும் என்கிட்ட தலையணை வாங்கல. போய்ச் சண்டை போட்டேன், நிஜச் சண்டை. அதுக்கும் சிரிச்சா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை நான் படிக்கிறப்ப ஏன் சிரிக்கல?"

டோப்ரிஷ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே சிரிக்கிறவளா அவ? அவ்வளவு மட்டமாவா நெனச்சீங்க?"

சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். இத்தனை வருஷம் தெரியாதது தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு வந்தது பொறாமை. ஒரு இறகு மூட்டைமேல் பொறாமை. ஒரே மேஜையில் இத்தனை வெள்ளிக்கிழமை அவளோடு சாப்பிட்டேன், அவள் சிரிப்பு முழுக்க எதிர்வீட்டில் செலவாகியிருக்கிறது.

"எப்படிச் சிரிப்பா? ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க," என்றேன்.

டோப்ரிஷ் வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்பில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளும் ஒரு வாரமாக ஒருத்தியை இழந்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். "வாங்க, படிக்கு வாங்க. இன்னும் ஒரு சண்டை பாக்கி இருக்கு. அவ படுக்கையில கெடந்தப்ப, நீங்க வெளிய போன நேரம் பாத்துச் சொல்லிக் குடுத்தது. துக்கம் முடிஞ்சு நீங்க எழுந்ததும் போடணும்னு சத்தியம் வாங்கிட்டா."

நான் என் வாசலில் நின்றேன். அவள் தன் வாசலுக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக் கத்தினாள். பழைய குரல், கட்டடமே கேட்கிற குரல்.

"ஏய் மிந்தெல்! நீ போயிட்டா அந்த மீன் சட்டி எனக்குத்தான்னு சொன்னியா இல்லையா? ஏழு நாளா வந்து உக்காந்துட்டுப் போறேன், ஒருத்தரும் எடுத்துக் குடுக்கக் காணோம். போற எடத்துலயும் பொய் சொல்லிட்டே திரியறியா நீ?"

மேலே கதவு திறந்தது. கீழேயும் திறந்தது. தையற்காரர் கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்தார். காவற்காரன் விளக்குமாறோடு படியடியில் வந்து நின்றான். எத்தனையோ புதன்கிழமை இதே இடத்தில் இதே முகங்கள். இந்த இடத்தில் மிந்தெலின் குரல் வரும், ஒரே வரி, டோப்ரிஷ் வாயடைத்துப் போவாள், கட்டடம் சிரிக்கும். டோப்ரிஷ் அந்த வரிக்கு எவ்வளவு நேரம் விடுவாளோ அவ்வளவு நேரம் விட்டு நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் டோப்ரிஷ் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் கேட்டேன். "பதில் என்ன?"

"எனக்குத் தெரியாது."

"அவ சொல்லியிருப்பாளே."

"நானும் கேட்டேன்," என்றாள் டோப்ரிஷ். "அவ சொன்னதை அப்படியே சொல்றேன். 'கேள்வியும் நானே பதிலும் நானேன்னு எத்தனை வருஷம் டோப்ரிஷ்? இந்த ஒரு வரியையாவது அவரே எழுதட்டும்.' சொல்லிட்டுச் சிரிச்சா. மூச்சு வாங்குச்சு. ஆனாலும் சிரிச்சா."

நான் வாயைத் திறந்தேன். செத்துப்போன பெண்டாட்டி, எதிர்வீட்டுக்காரி, ஒரு சட்டி. இதைவிட நல்ல இடம் எந்த ஹாஸ்ய எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தையற்காரர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் மற்றவர்களும் சாத்திக்கொண்டார்கள். டோப்ரிஷ் என்னோடு தெருவில் இறங்கி, மூலைவரை நடந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள்.

பின்ஹஸ் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் என் இடத்தை மழைச் சப்பாத்து விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் சட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், டோப்ரிஷ் மறுத்துவிட்டாள். பதில் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறாளாம். புதன்கிழமை காலையில் கதவைத் தட்டுகிறாள். என் கதவைத் தட்டுகிற ஆள் இப்போது அவள் ஒருத்திதான்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"நான் எங்க போகப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

எழுதாமல் இல்லை. வாரம் பூரா எழுதி, கிழித்து, ஒன்றிரண்டு வரியை வைத்துக்கொள்கிறேன். சில வரிகள் மோசமில்லை, வெல்வெல் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜை விரித்து, டோப்ரிஷ் கொடுத்தனுப்பிய சூப்பை ஊற்றி வைத்துக்கொண்டு, அந்த வரியை எதிர் நாற்காலியைப் பார்த்து உரக்கப் படிக்கிறேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.